விழக்கூடாத ஒரு கால்

காலையிலிருந்து இது மூன்றாவது மடம். முழங்கால் இரண்டும் போதும் போதும் என்று கெஞ்சத் தொடங்கிவிட்டன. கெஞ்சட்டும், சவம், இதுக்குத்தானே தென்காசியிலிருந்து ரயிலில் இடுப்பொடிய உட்கார்ந்து வந்தது என்று உலகம்மை தன் காலையே அதட்டிவிட்டு ஆரஞ்சுக் கூடையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். காசியின் மார்கழிக் குளிர் கல்தளத்திலிருந்து உள்ளங்கால் வழியாக ஏறிப் பல் வரைக்கும் வந்து நின்றது. கடுகெண்ணெய் காய்கிற வாசனை, ஈரக் காவித்துணி வாசனை, மேலே எங்கோ புறாக்களின் குமுறல். முற்றத்தைச் சுற்றிக் கல்தூண் தாழ்வாரம், தாழ்வாரம் நெடுகச் சாமியார்கள், ஆளுக்கொரு தையல் இலை முன்னால். பந்தி தொடங்குமுன் யாத்திரை வந்தவர்கள் வரிசையாகப் போய் ஒவ்வொரு சாமியார் இலையிலும் கொண்டுவந்ததில் ஒன்றை வைத்து, தரையில் நெற்றி பட விழுந்து ‘நமோ நாராயணாய’ என்று சொல்ல வேண்டும். அவர் ‘நாராயணா’ என்பார். எழுந்து அடுத்தவருக்குப் போக வேண்டும். இதில் என்ன கஷ்டம்? பின்னால் வருகிற, ரயிலில் பழக்கமான பகவதிக்கு ஒரு கஷ்டமும் இல்லை. காவித்துணி கட்டியிருந்தால் போதும், கதவு திரைச்சீலை காவியாக இருந்தால்கூட அதற்கும் ஒன்று விழுந்துவிடுவாள். உலகம்மைக்கு அப்படி முடியாது. இந்தக் காசியில் அவள் விழக்கூடாத கால் ஒன்று இருக்கிறது. அது எந்த மடத்தில், எந்த வரிசையில், எத்தனாவது இலைக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கிறது என்று தெரியாததுதான் வினை.

அது அவள் பெற்ற கால். குற்றாலலிங்கத்தின் கால். பத்தோடு பதினொன்றாகத் தெருவில் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தவளை ‘பையனைப் பெத்தவ’ என்று நிமிர்ந்து நடக்க வைத்த கால். பாலிடெக்னிக் படித்து, மின்சார வேலை பார்த்து, பெண் பார்க்கப் போகிற வெள்ளிக்கிழமைக்குச் சட்டையெல்லாம் தைத்து வைத்திருந்தபோது வடக்கே போகிற ரயிலில் ஏறிவிட்டான். இருபது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏறினவன் சொல்லிவிட்டுத்தான் ஏறினான், அதையும் சொல்ல வேண்டும், திருட்டுத்தனமாகப் போகவில்லை. ‘அம்மா, நான் சந்நியாசம் வாங்கப் போறேன்’ என்றான், ரேசன் வாங்கப் போகிற மாதிரி. அவன் அப்பா, பஞ்சுமில் மேஸ்திரி பூலிங்கம், அன்றைக்கே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார். மில்லில் முதலாளி வந்து நின்றால்கூட ஒரு வணக்கத்துக்குமேல் முதுகு வளையாத மனுசன். அப்புறம் கோயில் ஓதுவார் வந்து ஆறுதல் சொல்லுகிற சாக்கில் ஒரு விசயத்தையும் சொல்லி வைத்தார். பையன் துறவியாகிவிட்டால் ஊர் உலகம் எல்லாம் அவன் காலில் விழ வேண்டும், பெற்ற தகப்பனும் விழ வேண்டும், அதுதான் முறை. அவ்வளவுதான், மேஸ்திரிக்குக் கண் சிவந்துவிட்டது. ‘நான் அவன் கால்ல விழுறதா? அதுக்கு முந்தி என்னைக் கொண்டுபோய் எரிச்சிருங்க ஓய்!’ சொன்ன சொல் தவறாத மனுசன், விழாமலே போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்கக்கூடப் பிள்ளை வரவில்லை, தம்பி மகன் வைத்தான். ஆனால் ஓதுவார் அன்று வாக்கியத்தை முடிக்கவில்லை என்பது மேஸ்திரிக்குத் தெரியாது. வாசல் வரைக்கும் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே, மோர் கொடுக்க வந்த உலகம்மையிடம் மட்டும் மீதியைச் சொன்னார்: ‘பெத்த தாய்க்கு மட்டும் விலக்கு. அவ வந்து நின்னா சந்நியாசியே எந்திரிச்சு அவ கால்ல விழணும். தாய் அவன் கால்ல விழுந்துட்டா அவன் ஆயுசுக்கு ஆகாது.’

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருசனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனுசனுக்கு இன்னும் ஒரு கொதி கூடியிருக்கும். ஆனால் அடுப்பில் பால் பொங்கும்போது, குழாயடியில் குடம் நிறையும்போது, ராத்திரி விளக்கணைத்த பிறகு, அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வாள். ஊர் விழுகிற கால். அந்தக் காலுக்குடையவன் என் காலில் விழணும். ராசா கூட விழணும், நான் விழ வேண்டாம். எவளுக்குடி கிடைக்கும் இது? பகவதிக்குக் கிடைக்குமா? பகவதி மகன் கனடாவில் இருக்கிறான், வீடு வாங்கிவிட்டான், பனியை மிசின் வைத்துத் தள்ளுகிறான், ரயிலேறியதிலிருந்து அந்தப் பனி மிசின் கதைதான். உலகம்மையிடம் கேட்டால் ‘எம்மவன் வடக்க இருக்கான்’ என்பாள். என்ன வேலை? ‘பெரிய எடத்துல.’ அதோடு சரி. பொய்யா அது? இல்லையே. போன ஐப்பசியில் காசி யாத்திரை கூட்டிப்போகிற ஆவுடையப்பன் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தான், காசியில் ஏதோ ஒரு மடத்தில் நம்ம பக்கத்துச் சாமியார் ஒருத்தர் இருக்கார், இடக்கையால செம்பைத் தூக்கித் தண்ணி குடிக்கார், பேச்சு அசல் தென்காசிப் பேச்சு என்று. எந்த மடம் என்று கேட்டால் அவனுக்கு நினைவில்லை, மூதி. குற்றாலம் இடக்கைக்காரன். அப்பா பிரம்பால் அடித்தும் மாறாத இடக்கை. மறுநாளே அவள் யாத்திரைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். காரணம் கேட்ட எல்லாரிடமும் கங்கையில் முங்கணும் என்றாள். கங்கையாவது, மண்ணாங்கட்டியாவது.

ஆனால் வந்து பார்த்தால் காசியில் எத்தனை மொட்டை! சிவனே, ஒரு மடத்துக்கு இத்தனை என்றால் ஊர் பூராவும் எத்தனை! எல்லாம் ஒரே துணி, ஒரே மொட்டை, ஒரே நாராயணா. சிவன் கோயில் திருநீறு பூசி வளர்த்த பிள்ளை, அவனும் இங்கே நாராயணா என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பானாம், இருக்கட்டும். பெற்றவளுக்குப் பிள்ளையை அடையாளம் தெரியாதா என்று ரயிலில் தன்னைத் தானே நெஞ்சு நிமிர்த்திக் கேட்டுக்கொண்டு வந்தவள்தான், முதல் மடத்தில் முதல் வரிசையிலேயே கலங்கிப் போனாள். ஒரு கண் புரை அறுத்த கண். இன்னொரு கண் அறுக்க வேண்டிய கண். இருபத்தாறு வயதில் சுருட்டை முடியோடு போனவனை இப்போது எந்தத் தலையில் தேடுவது? தெரியாமல் விழுந்துவிட்டால்? பிள்ளையைப் பார்க்க வந்து பிள்ளையின் ஆயுசைக் குறைத்துவிட்டுப் போனவளாக ஆகிவிட்டால்? அந்த மடத்தில் ஒருவரிடம் சந்தேகம் வந்து, நிமிர்ந்து நின்று வெறும் கும்பிடு மட்டும் போட்டாள். அவர் ஏதோ இந்தியில் கேட்டார், பார்த்தால் நேப்பாளத்துக்காரர். அடுத்த மடத்தில் காதைப் பார்த்து ஒருவரிடம், புருவத்தைப் பார்த்து இன்னொருவரிடம் அப்படியே நின்றாள். பின்னால் பகவதி முணுமுணுத்தாள்: ‘மதினிக்கு ஆள் பார்த்துத்தான் பக்தி வரும் போல.’ ஆமாம்டி, ஆள் பார்த்துத்தான். உனக்கென்ன தெரியும்.

அதைவிட மோசமான நினைப்பு ஒன்று இருந்தது. அதை அவள் கிட்டே வரவிடாமல் விரட்டிக்கொண்டே இருந்தாள், கறிவேப்பிலைச் செடியில் ஆட்டை விரட்டுகிற மாதிரி. அவன் அங்கே இருந்து, அவளைத் தெரிந்து, தெரிந்தும் எழுந்திரிக்காமல் உட்கார்ந்திருந்தால்? எல்லாக் கிழவிகளுக்கும் சொல்லுகிற ‘நாராயணா’வை அவளுக்கும் சொல்லிவிட்டு அடுத்த பழத்துக்குக் காத்திருந்தால்? சந்நியாசம் வாங்கும்போது செத்தேன் நான் என்று சொல்லித் தனக்குத் தானே கருமாதி செய்துகொண்டவன்தானே. செத்தவனுக்கு அம்மா ஏது? இருந்தால் இருக்கட்டும். அப்படி ஒன்று நடந்தால் நேரே கங்கைக்குப் போய் மூன்று முங்கு போட்டு, அவுக அன்றைக்கு முழுகின தலையை நானும் இன்றைக்கு முழுகிவிட்டு, ஊருக்குப் போய் எனக்குப் பிள்ளையே இல்லை என்று சொல்லிவிடுவேன். கெஞ்ச மாட்டேன். உலகம்மை கெஞ்ச மாட்டாள். இருபது வருசம் கெஞ்சாதவள் இந்தக் கல்தளத்திலா கெஞ்சப் போகிறாள்? கெஞ்ச மாட்டேன் என்று சொல்லிக்கொள்ளும்போதே மூக்கு அடைத்தது. குளிர், வேறென்ன.

இந்த மூன்றாவது மடத்து வாசலில் வைத்தே ஆவுடையப்பன் எச்சரித்திருந்தான். ‘பொம்பளையாளுக கவனமா இருங்க. இங்க கட்டுப்பாடு சாஸ்தி. சாமிமாரு பொம்பளைங்க முகத்தை நிமிந்து பார்க்க மாட்டாங்க, பேச்சுக் கொடுக்கக் கூடாது, தொடப்படாது. கும்பிட்டமா நகந்தமான்னு இருக்கணும்.’ உலகம்மைக்குச் சுரீர் என்றது. பார்க்க மாட்டானா? பார்க்காமல் எப்படித் தெரியும் நான் யார் என்று? இவன் இந்த மடத்தில் இருக்கக் கூடாது சொக்கநாதா, வேறு எந்த மடத்திலாவது இருக்கட்டும், முகத்தைப் பார்க்கிற மடமாகப் பார்த்து வை. அப்படி வேண்டிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தாள். இப்போது வரிசையில் ஒவ்வொருவர் இலையிலும் பழம் வைத்து, பார்த்து, சலித்து, விழுந்து போய்க்கொண்டிருந்தாள். இவர் கிழவர், எண்பது இருக்கும், விழலாம். இவன் பொடியன், இன்னும் மீசை கூட முளைத்திருக்காது, இவனைப் பெற்றவள் எங்கே அழுதுகொண்டிருக்கிறாளோ, விழலாம். இவர் கறுப்பு, நம்ம பிள்ளை மாநிறம், ஆனால் வெயிலில் கறுத்திருந்தால்? மூக்கைப் பார். மூக்கு சப்பை. விழலாம். நமோ நாராயணாய. முழங்காலே, பொறு. ஆனால் எல்லாருமே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததால் மூக்கைப் பார்ப்பதற்கே அவள் கழுத்தை ஒடித்துக் குனிய வேண்டியிருந்தது. எல்லார் தலையும் உரித்து அடுக்கிய தேங்காய் மாதிரி வரிசையாக இருந்தது.

அப்போதுதான் வரிசை நின்றது. தாழ்வாரம் திரும்புகிற மூலைக்கு அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு. முன்னால் போகிற தெலுங்குக்காரக் கூட்டத்தில் ஒருத்தி ‘அய்யய்யோ, ஒத்து ஒத்து’ என்று, வேண்டாம் வேண்டாம் என்கிற மாதிரி, பதறுகிற சத்தம், அப்புறம் ஒரு சிரிப்பு, அப்புறம் வரிசை ஓரடி நகர்ந்தது. மறுபடி நின்றது. மறுபடி ஒரு பதற்றம். ‘என்ன மதினி, யாரும் மயங்கி விழுந்துட்டாளா?’ என்றாள் பகவதி. உலகம்மை தூணைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தாள். நடுவயது தாண்டிய ஒரு சாமியார், இலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், முன்னால் வந்து நின்ற நரைத்த பொம்பளை குனிவதற்குள் ‘சிவனே’ என்று முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, ஓரடி தள்ளி நின்று, தொடாமல், நெடுஞ்சாண்கிடையாக அந்தக் கல்லில் அவள் காலுக்கு நேரே விழுந்தார். ‘அம்மா’ என்றார். எழுந்து பழையபடி தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். கூட இருந்த ஒரு பெரிய சாமியார் சலித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அடுத்து ஒரு ஆம்பிளை வந்து விழுந்தான், அவனுக்கு ‘நாராயணா’ மட்டும். அதற்கடுத்து முக்காடு போட்ட ஒரு கிழவி. மறுபடியும் முழங்காலில் கை. மறுபடியும் ‘சிவனே’. அந்தக் கை இடக்கை. அந்த ‘சிவனே’யை உலகம்மை முப்பது வருசம் பக்கத்துக் கட்டிலில் கேட்டிருக்கிறாள். விடிகாலையில் மில் சங்கு ஊதியதும் மேஸ்திரி அப்படித்தான் எழுந்திருப்பார். அந்த முதுகு மேஸ்திரி முதுகு. எவனுக்கும் வளையாத முதுகு இங்கே வந்து, போகிற வருகிற கிழவிக்கெல்லாம் வளைந்துகொண்டிருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். அடப்பாவி! எனக்கென்று வைத்திருந்த கும்பிட்டை எடுத்து எவளுக்கோ போடுகிறானே! இருபது வருசமாகப் பெட்டியில் வைத்த பட்டுச்சேலையை, முன்னப்பின்னத் தெரியாதவளுக்கெல்லாம் கட்டிவிடுகிற மாதிரி! அந்தத் தெலுங்குக்காரி இவனை ஈன்றாளா? அந்த முக்காடு போட்டவள் இவனுக்கு அம்மை வார்த்தபோது வேப்பிலை வைத்துக்கொண்டு முழித்திருந்தாளா? கூடையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடலாமா என்று கை பரபரத்தது. அதற்குள் வரிசையை ஒழுங்கு செய்துகொண்டு ஆவுடையப்பன் பக்கத்தில் வந்துவிட்டான். ‘ஏ அய்யா ஆவுடையப்பா, அந்தச் சாமி என்ன கோட்டி புடிச்சவரா? எல்லார் கால்லயும் விழுறாரு?’ என்று கேட்டாள். குரல் நடுங்காமல் கேட்டுவிட்டாள், அதில் அவளுக்கே ஆச்சரியம்.

‘அட, நம்ம பக்கத்துச் சாமின்னு சொன்னேன்லா பெரியம்மை, அவருதான். இப்பதான் எனக்கும் மடம் நெனவு வருது. கோட்டியெல்லாம் இல்ல, பெரிய படிப்பாளி. ஆனா இந்த ஒரு விசயத்துல யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. சந்நியாசி சம்சாரி கால்ல விழுறது தப்புன்னு மடத்துப் பெரிய சாமி எத்தனையோ மட்டம் ஏசிட்டாரு. இவரு என்ன சொல்லுதாருன்னா, முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு நீங்க சட்டம் வெச்சிருக்கீங்க. எங்கம்மா ஒருநா வரிசையில வருவா. எனக்குத் தெரியாது, அவளுக்கும் என்னைத் தெரியாது. அவ என் கால்ல விழுந்துட்டா அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோய்க் கழுவ? அதனால நரைச்ச பொம்பளை கால் எது வந்தாலும் நான் முந்திக்கிடுதேன். அதுல ஒண்ணு எங்கம்மா காலா இருந்துட்டுப் போவுது அப்படிங்காரு. வந்த நாள்ல இருந்தே இப்படித்தானாம். நகருங்க பெரியம்மை.’

உலகம்மை நகரவில்லை. தூணைப் பிடித்த கை தூணிலேயே இருந்தது. வந்த நாளிலிருந்தே. வந்த நாளிலிருந்தே என்றால் எத்தனை பந்தி, எத்தனை கிழவி, அய்யோ எம்பிள்ளை, முழங்கால் என்னத்துக்கு ஆகும்! நான் ஒரு காலைத் தேடிக்கொண்டு வந்தேன், இவனும் ஒரு காலைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் தெரியாமல் விழுந்துவிடுவேனோ என்று பயந்தேன், இவனும் அதையே பயந்திருக்கிறான். என் வயிறுதான் இவனுக்கு, பயம்கூட என் பயம்தான். கோபம் இருந்த இடத்தில் என்னவோ பொங்கி வந்தது, பால் பொங்குவது மாதிரி, கையால் அமர்த்த முடியாத மாதிரி. காசிக்கு எந்தெந்தச் சீமையிலிருந்து கிழவிகள் வருகிறார்கள், வங்காளத்துக்காரி, மராட்டிக்காரி, குசராத்துக்காரி, எவள் வந்தாலும் அவள் உலகம்மை! இந்த மடத்து வாசலை மிதித்த நரைத்த தலைக்கெல்லாம் என் பேர்! ஓதுவார் சொன்னது ஒரே ஒரு கும்பிடு. இவன் எனக்குக் கோடிக் கும்பிடு போட்டு வைத்திருக்கிறான். ஏ மேஸ்திரி, பார்த்தீரா ஓய்! நீர் தலை முழுகின பிள்ளையைப் பார்த்தீரா! அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். கூடையைச் சரியாகப் பிடித்தாள். கல்யாண வீட்டில் சம்பந்தியம்மா நடந்து வருவது போல அடி எடுத்து வைத்தாள். முழங்கால் வலித்ததா? வலித்திருக்கும், யார் கண்டது.

முன்னால் போனவள் நகர்ந்தாள். இப்போது இலைக்கு இந்தப் பக்கம் உலகம்மை, அந்தப் பக்கம் குனிந்த தலை. தலையில் அங்கங்கே வெள்ளை முள் முளைத்திருந்தது. எம்பிள்ளைக்கும் நரைத்துவிட்டது என்று நினைத்தாள். அவர் பார்வை அவள் கால் விரல்களில் வந்து நின்றது. வெடிப்பு விழுந்த குதிகால், வளைந்த பெருவிரல். இடக்கை முழங்காலில் ஊன்றியது. ‘சிவனே.’ எழுந்து, தள்ளி நின்று, விழுந்தார். ‘அம்மா’ என்றார். குரல் தடித்துவிட்டது, ஆனால் அந்தக் குரல்தான். ‘குத்தாலம்’ என்ற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்து நாக்கின் நுனியில் நின்றது. ஒரு சொல். சொன்னால் தலை நிமிரும், முகம் தெரியும், சட்டமாவது கிட்டமாவது. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். தரையில் கிடந்த முதுகுக்கு மேலே, தொடாமல், காற்றில் கையை விரித்து வைத்தாள். நல்லா இரு. உன் ஆயுசு கெட்டியா இருக்கட்டும். அவர் மற்றவர்களுக்குக் கிடந்த அதே நேரம் கிடந்தார், ஒரு மூச்சு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுந்து உட்கார்ந்துகொண்டார். உலகம்மை கூடையில் பொறுக்கி நல்ல பழமாக ஒன்றை எடுத்து இலையில் வைத்துவிட்டு அடுத்த சாமியாருக்கு நகர்ந்தாள்.

அடுத்தவருக்கு விழுந்து எழுவதற்குள் பகவதி பின்னாலேயே ஓடி வந்துவிட்டாள். அவளுக்கும் கும்பிடு விழுந்திருந்தது. முகம் பூராவும் பல். ‘மதினி, பாத்தீளா? ஒரு சந்நியாசி எங்கால்ல விழுந்துட்டாரு! எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. எம்மவன் கல்யாணத்தன்னிக்குக்கூட ஐயர் சொன்னாருன்னு லேசாக் குனிஞ்சான், அம்புட்டுத்தான். என்ன புண்ணியம் பண்ணினேனோ!’ சொல்லிக்கொண்டே வந்தவள் உலகம்மையின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். ‘என்ன மதினி, அழுதீளா?’

‘நான் எதுக்கு அழணும்?’ உலகம்மை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ‘நீ ஒரு புண்ணியமும் பண்ணல பகவதி. உனக்கு விழுந்தது என் பங்கு. அது எம்மவன். குத்தாலலிங்கம். உங்கிட்ட வடக்க பெரிய எடத்துல இருக்கான்னு சொன்னேன்லா, இந்த எடம்தான். காசிக்கு வந்த கிழவி அத்தனை பேருக்கும் எம்பேரைச் சொல்லிக் கும்புட்டிருக்கான். உன் கனடாக்காரனை இப்படி ஒண்ணு செய்யச் சொல்லு பாப்போம்!’

பகவதி திரும்பிப் பார்த்தாள். வரிசையில் அடுத்த கிழவி போய் நின்றிருந்தாள், சாமியார் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டிருந்தார். ‘ஏ பாவி மதினி,’ என்றாள் பகவதி, ‘எதிர்ல நின்னுட்டு வாரீளே, நான்தாம்ல உங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?’

‘சொல்லிட்டா நாளைக்கு வாற கிழவிக்கு எந்திரிக்க மாட்டான்லா,’ என்றாள் உலகம்மை. ‘தேடட்டும்.’